போலி இணைப்புக்களும் தேடுபொறியின் அதிகாரமும்

1998இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் சேர்ஜி பிரினும், இணையப் பக்கமொன்றின் தகுதியை, அதற்கு இணைப்பளிக்கும் பிற பக்கங்களின் தொகையையும் தரத்தையும் கொண்டு கணிக்கும் முறையை வெளியிட்டனர். ஆய்வுலகின் மேற்கோள் மரபே அதற்கு முன்மாதிரி. ஆயின், தேடுபொறியில் முன்னிடம் பெற்றுத்தந்த இணைப்பைச் சந்தை பண்டமாக்கியது. விலைக்குப் பெற்ற இணைப்புக்களும், ஒன்றையொன்று சுட்டுவதற்கென்றே படைக்கப்பட்ட தளங்களும் பெருகின. 2012இல் கூகிளின் 'பென்குயின்' கணிப்புமுறை இவற்றை நாடிய தளங்களைத் தரமிறக்கியது; 2016இல் திருத்தப்பட்டபின், அது போலி இணைப்புக்களின் பயனை மட்டும் நீக்கலாயிற்று.

இங்கு நாம் நோக்கவேண்டியது அதிகாரத்தின் இடமாற்றத்தையே. பலரின் மதிப்பீடாகத் தோன்றிய ஒன்றை மோசடியிலிருந்து காக்கும் பணி, மதிப்பைத் தீர்மானிக்கும் உரிமையைத் தனி நிறுவனமொன்றிடம் குவித்தது. போலியை ஒழித்தல் அவசியமே. அந்நடுவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்பதே விடைகாணப்படாத வினா.