குமிழி இல்லாத புழு

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன், டயர் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1926இல் அங்கே பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டோ செமன், விறைத்துக் கிடந்த பிவிசி பிளாஸ்டிக்கை ஒரு கரைப்பானில் சூடாக்கி, வளைந்து துவளும் பொருளாக்கினார். 1949இல் அதே ஊரைச் சேர்ந்த நிக் கிரீம், மனைவியோடு வீட்டு அடுப்படியில் அந்த இளகிய பிளாஸ்டிக்கை மண்புழு வடிவில் வார்த்தார். தூண்டிலுக்கான பிளாஸ்டிக் புழு இப்படித்தான் பிறந்தது. வீட்டிலேயே புழு வார்ப்பவர்கள் இன்றும் அமெரிக்காவில் நிறையப் பேர். அவர்கள் எல்லோரையும் படுத்துவது காற்றுக்குமிழி.

புழுவின் பயணம் ஒரு புட்டியில் தொடங்குகிறது. உள்ளே இருப்பது பிளாஸ்டிசால், அதாவது இளக்கி எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய பிவிசித் தூள். சில நாள் அசையாமல் இருந்தால் தூள் அடியில் படிந்துவிடும். அதைக் கலக்கப் புட்டியைக் குலுக்குகிறார்களே, முதல் காற்று அப்போதே உள்ளே போய்விடுகிறது. ஊற்றும் கையைக் குறை சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால் பாதிக் குற்றம் இந்தக் குலுக்கலில்தான். குச்சியால் மெல்லக் கிளறி, மேலே வரும் குமிழிகள் அடங்கும்வரை விட்டுவைப்பது நல்லது. வெற்றிடக் கலம் வைத்திருப்பவர்கள் அதில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அப்போது குமிழிகள் பெருத்து, திரவம் பொங்கி எழும். அதனால் பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது.

அடுத்தது சூடு. வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மைக்ரோவேவில் விட்டுவிட்டுச் சூடாக்குகிறார்கள். வெள்ளைத் திரவம் முதலில் கேழ்வரகுக் களி போல இறுகும். இந்த நிலையில் வேகமாகக் கிண்டினால், ஒவ்வொரு மடிப்பிலும் காற்று சிக்கிக்கொள்ளும். சுமார் 170 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது களி உருகித் தெளிந்து, நீர்த்து ஓடும். குமிழிகள் வெளியேற அதுவே நல்ல தருணம். சற்று நேரம் கொடுத்தால் தாமாக மேலேறி உடையும். அவசரப்பட்டுச் சூட்டை மேலும் ஏற்றினால் பிளாஸ்டிக் மஞ்சளித்துக் கருகும். ஹைட்ரஜன் குளோரைடு புகையும் கிளம்பும், அது நுரையீரலுக்குக் கேடு. காற்றோட்டமான இடம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம்.

எல்லாக் குமிழியும் காற்று என்று நினைக்கக் கூடாது. இந்தச் சூட்டில் ஒரு துளி ஈரம்கூட நீராவியாகிப் பிளாஸ்டிக்கை நுரைக்க வைக்கும், சில சமயம் மேலே தெறிக்கவும் செய்யும். எடைக்குச் சேர்க்கும் உப்பிலும், சரியாகக் காயாத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சிலும் அந்த ஈரம் ஒளிந்திருக்கும். பிளாஸ்டர் அச்சை நன்றாக உலர்த்தி, மேற்பரப்பில் பசை பூசி அடைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

திறந்த அச்சில் ஒரு முனையிலிருந்து மெல்லிய தாரையாக, இடையில் அறாமல் ஊற்றினால், பிளாஸ்டிக்கே காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அச்சை இளஞ்சூடாக வைத்தால் மெல்லிய வால் வரை ஓடி நிறையும். மூடிய அலுமினிய அச்சில் ஊசிக்குழலால் செலுத்தும்போது மெதுவாக அழுத்தி, நிறைந்த பிறகும் சில நொடி அழுத்தம் விடாமல் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு மேலிருந்து சரக்கு இறங்காவிட்டால் தடித்த இடத்தில் குழிவிழும். பலரும் இதையும் காற்று என்றே எண்ணி, தவறான இடத்தில் மருந்து தேடுகிறார்கள்.

ஒரு குமிழிக்காக இத்தனை பாடு எதற்கு? டெக்சாஸ் முறையில் புழுவைக் கோர்த்தால், தூண்டில் முள்ளின் நுனி புழுவின் உடலுக்குள்ளேயே புதைந்திருக்கும். அப்போதுதான் பாசியிலும் மூழ்கிய மரக்கிளையிலும் சிக்காமல் வரும். அந்த இடத்தில் குமிழி இருந்தால் முள் பிடிப்பில்லாமல் வெளியே நீட்டும், புழு அங்கேயே கிழியும். வாலில் இருந்தால் நீரில் ஒருபக்கமாகச் சாயும்.

கிழிந்த புழுவைத் தண்ணீரில் எறிந்துவிடக் கூடாது. மீன் விழுங்கினால் வயிற்றில் செரிக்காமல் கிடக்கும். நல்ல வார்ப்பவர் அதைச் சேர்த்துவைத்து, துண்டாக்கி, ஏரித்தண்ணீரின் ஈரம் போகும்வரை காயவைத்து, மறுபடி குவளையில் போடுகிறார்.