ஒப்பிடப்படுவது எவருடன்? அமெரிக்கத் தொழிலார்வச் சோதனைகளின் வரலாற்றில் பாலினமும் நெறிமானமும்

ஆய்வுச் சுருக்கம்

தொழிலார்வச் சோதனை ஒருவரின் விருப்பத்தை ஒரு தொழிலில் ஏற்கெனவே இருப்போரின் விருப்பத்துடன் ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. ஆதலின் அத்தொழிலில் எவர் இடம்பெற்றிருந்தனர் என்னும் வரலாறு அதன் மதிப்பெண்ணுக்குள் கலந்துவிடுகிறது. இதனை ஸ்ட்ராங் தொழிலார்வப் படிவத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொழிலார்வச் சோதனை, தொழில் வழிகாட்டல், நெறிமானம், பாலினச் சார்பு, ஸ்ட்ராங், ஹாலந்து.

முன்னுரை

தொழில் வழிகாட்டலில் பயன்படும் சோதனைகளுள் ஆர்வச் சோதனை தனித்தன்மை உடையது. நுண்ணறிவுச் சோதனையிலும் நாட்டச் சோதனையிலும் சரியான விடை, தவறான விடை என்னும் பகுப்பு உண்டு. ஆர்வச் சோதனையில் அப்பகுப்பு இல்லை. விருப்பு வெறுப்புகளை மட்டுமே அது வினவுகிறது. அதனால் தேர்ச்சி, தோல்வி என்னும் அச்சம் அற்ற, எவருக்கும் கேடு விளைவிக்காத கருவியாக அது கருதப்படுகிறது. இக்கருத்து மறு ஆய்வுக்குரியது. அமெரிக்காவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்களுக்கு ஒரு படிவமும் பெண்களுக்கு வேறொரு படிவமும் வழங்கப்பட்டன என்பதும், அப்பிரிவினை எதிர்ப்புக்குப் பின்னரே நீங்கியது என்பதும் இதற்குச் சான்றாகும்.

பாஸ்டனிலிருந்து ஸ்டான்போர்டு வரை

1908ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டல் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவர் மறைந்தார். தொழில் தேர்வு பற்றிய அவரது நூல் 1909இல் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திச் சிந்தித்தல் என்னும் மூன்று படிகளை அவர் வகுத்தார். முதற்படியை நிறைவேற்ற நேர்காணலும் தன்வினாநிரலுமே அவரிடம் இருந்தன. எண்ணளவிலான கருவி பின்னரே உருவானது.

அக்கருவியின் தொடக்கம் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்தது. 1919ஆம் ஆண்டளவில் கிளாரன்ஸ் யோக்கம் நடத்திய கருத்தரங்கில் ஆர்வம் பற்றிய ஏராளமான வினாக்கூறுகள் திரட்டப்பட்டன. அக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஸ்ட்ராங் 1923இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்குக் கார்ல் கௌடெரி, மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் விருப்பங்கள் வேறுபடுவதை ஆராய்ந்திருந்தார். இம்முறையை விரிவாக்கி, 420 வினாக்கூறுகள் கொண்ட தொழிலார்வப் படிவத்தை ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்டார்.

மதிப்பெண் உருவாகும் முறை

இப்படிவத்தின் அடிப்படை கோட்பாடு அன்று, ஒப்பீடே ஆகும். தொழிற்பெயர்கள், பாடங்கள், பொழுதுபோக்குகள் முதலியவை ஒவ்வொன்றுக்கும் 'விருப்பம்', 'இரண்டும் இல்லை', 'வெறுப்பு' என்பவற்றுள் ஒன்றை விடையளிப்பவர் குறிக்க வேண்டும். ஒரு தொழிலினரின் விடைகள் 'பொது ஆடவர்' எனப்பட்ட குழுவினரின் விடைகளோடு ஒப்பிடப்படும். இரு குழுக்களும் வேறுபடும் கூறுகளுக்கு மட்டுமே எடை தரப்படும். பொறியாளர்கள் ஒரு கூறினைப் பிறரைவிட மிகுதியாக விரும்பினால், அதனை விரும்பும் மாணவனுக்குப் பொறியாளர் அளவையில் மதிப்பெண் கூடும். பொறியாளர்கள் அதனை ஏன் விரும்புகின்றனர் என்ற வினாவுக்கு இம்முறையில் இடமில்லை.

இம்முறை வலிமையற்றது எனக் கூற இயலாது. கல்லூரி மாணவர்களைப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்து, ஸ்ட்ராங் 1955இல் வெளியிட்ட நூல், ஆர்வ மதிப்பெண்கள் பெரிதும் நிலைத்து நிற்பதையும் பின்னாளைய தொழிலோடு தொடர்புறுவதையும் காட்டியது. எனினும் இவ்வலிமைக்குள் ஒரு வரம்பு அடங்கியுள்ளது. ஒரு தொழிலுக்கு அளவை அமைக்க, அத்தொழிலில் மனநிறைவுடன் பணியாற்றும் போதிய எண்ணிக்கையினர் தேவை. அத்தகையோர் இல்லாத தொழிலுக்கு அளவை அமைக்க வழியில்லை. இல்லாத அளவையில் எவரும் மதிப்பெண் பெறவும் முடியாது.

இரு படிவங்கள்

பெண்களுக்கான தனிப்படிவம் 1933இல் வெளிவந்தது. ஆண், பெண் விடைகள் பல கூறுகளில் வேறுபட்டன. பெண்கள் குவிந்திருந்த தொழில்களும் வேறாக இருந்தன. எனவே தனிப்படிவம் புள்ளியியல் நோக்கில் நியாயமான முடிவாகவே தோன்றியது. ஆண்கள் படிவத்தில் பொறியாளர், கட்டடக் கலைஞர், வங்கியாளர் முதலிய அளவைகள் இருந்தன. பெண்கள் படிவத்தில் மருத்துவர், வழக்கறிஞர் அளவைகள் இருந்தபோதிலும், செவிலியர், சுருக்கெழுத்துச் செயலர், தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆகியவற்றோடு 'இல்லத்தரசி' என்னும் அளவையும் இடம்பெற்றது. 'ஆண்மை – பெண்மை' என்றொரு அளவையும் உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் நீல நிறம் ஆண்கள் படிவத்துக்கும் இளஞ்சிவப்பு நிறம் பெண்கள் படிவத்துக்கும் அடையாளமாயின.

ஆண்கள் மிகுந்த தொழிலை நாடிய பெண்ணுக்கு ஆண்கள் படிவத்தைத் தரும் வழக்கமும் இருந்தது. அப்போது அவரது விடைகள் ஆண் பொறியாளருடனும் பொது ஆடவருடனும் ஒப்பிடப்பட்டன. ஆக, அப்பெண்ணுக்கு இரு வழிகளே இருந்தன: தாம் நாடும் தொழிலே இடம்பெறாத பட்டியல் ஒன்று, தம்மைப் போன்றோர் இடம்பெறாத ஒப்பீட்டுக் குழு மற்றொன்று. இரண்டினுள் எதனை ஏற்பினும், வெளிப்படும் குறைந்த மதிப்பெண் 'ஆர்வமின்மை' என்றே வாசிக்கப்பட வாய்ப்பிருந்தது. வாய்ப்பின்மை இவ்வாறு ஆர்வமின்மையாகப் பெயர்மாற்றம் பெற்றதே இவ்வரலாற்றின் மையச் சிக்கல் எனலாம்.

1972 – 1975: மாற்றத்தின் ஆண்டுகள்

இதற்கான எதிர்ப்பு, சோதனைகளைப் பயன்படுத்திய வழிகாட்டலர்களிடமிருந்தே எழுந்தது. நான்சி ஷ்லாஸ்பெர்க், ஜேன் குட்மன் ஆகியோர் 1972இல் ஸ்ட்ராங் படிவங்களின் பாலினச் சார்பைச் சுட்டிக்காட்டினர். அமெரிக்கப் பணியாளர் மற்றும் வழிகாட்டல் சங்கமும் அவற்றைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஸ்ட்ராங் 1963இல் மறைந்த பின் படிவத்தின் பொறுப்பை ஏற்றிருந்த டேவிட் கேம்பெல், 325 வினாக்கூறுகள் கொண்ட ஒரே படிவத்தை 1974இல் வெளியிட்டார். அதே ஆண்டில் தேசியக் கல்வி நிறுவனம், ஆர்வச் சோதனைகளில் பாலினச் சார்பைக் கண்டறிவதற்கான நெறிகளை வகுத்தது. பாலினத்தை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒருவரின் தொழில் நோக்கைச் சுருக்கும் எக்கூறும் சார்பே என்பது அதன் நிலைப்பாடு.

1972ஆம் ஆண்டுக் கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பின்கீழ் 1975இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இதனைச் சட்டக் கடமையாக்கின. ஒரு பாடப்பிரிவில் ஒரு பாலினத்தார் மிகையாகக் குவிந்தால், அதற்குத் தான் பயன்படுத்தும் சோதனையின் பாகுபாடு காரணமன்று என்பதைக் கல்வி நிறுவனமே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என அவை விதித்தன.

தீராத வினா

படிவம் ஒன்றான பின்னும் நெறிமானம் ஒன்றாகவில்லை. 1974ஆம் ஆண்டுப் படிவத்திலும் தொழில் அளவைகள் ஆண், பெண் என்று தனித்தனியாகவே கணக்கிடப்பட்டன. மற்றொருபுறம், ஜான் ஹாலந்து தம் ஆறுவகை ஆளுமைக் கோட்பாட்டின் அடிப்படையில் அமைத்த தற்சோதனை, நெறிமானத்துக்கு மாற்றாத மூல மதிப்பெண்களையே பயன்படுத்தியது. அவ்வாறு செய்கையில் ஆண்கள் செயல்முறை வகையிலும் பெண்கள் சமூக வகையிலும் குவிந்தனர். இது உலகின் இருப்பு நிலையையே காட்டுகிறது என்பது ஹாலந்தின் வாதம். இருப்பு நிலையை அவ்வாறே திருப்பிக் காட்டுவது அதனை நிலைநிறுத்தும் என்பது அவரை மறுத்தோரின் வாதம். இருபாலாரும் ஒத்த அளவில் விரும்பும் வினாக்கூறுகளையே தேர்ந்து சோதனை அமைப்பது மூன்றாம் வழியாக முன்வைக்கப்பட்டது.

ரோங் சூ முதலானோர் 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை உள்ளடக்கியது. பொருள்சார் ஆர்வம், மக்கள்சார் ஆர்வம் என்னும் பரிமாணத்தில் ஆண், பெண் வேறுபாட்டின் விளைவளவு 0.93 என அது கண்டது. இது பெரிய வேறுபாடே. எனினும் அவ்வேறுபாட்டில் இயல்பின் பங்கு எவ்வளவு, வாய்ப்பின் பங்கு எவ்வளவு என்பதை ஆர்வ மதிப்பெண்ணை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது.

முடிவுரை

ஸ்ட்ராங்கின் கருவி திறமையாக வடிவமைக்கப்பட்டது. அவரது ஆய்வு நேர்மையானது. பிழை, நேற்றைய தொழிலுலகின் படத்தை நாளைய மாணவரின் அளவுகோலாகக் கொண்டதில் இருந்தது. ஒரு தொழிலில் பெண்கள் இல்லை என்னும் செய்தியைப் பெண்களுக்கு அத்தொழில் பொருந்தாது என்னும் அறிவுரையாக மாற்ற எவருடைய தீய எண்ணமும் தேவைப்படவில்லை. கணக்கீடே அதனைச் செய்தது.

இவ்வரலாறு, அயல்மொழிச் சோதனைகளைத் தமிழாக்கிப் பயன்படுத்தும் ஆய்வாளருக்கும் பயன்தரும். வினாக்களை மொழிபெயர்த்தல் பணியின் ஒரு பாதியே ஆகும். மதிப்பெண் எக்குழுவோடு ஒப்பிடப்படுகிறது, அக்குழுவில் பாலினம், சாதி, ஊரகம், நகரம் ஆகியவற்றின் அடிப்படையில் எவர் விடுபட்டுள்ளனர், ஆர்வம் குறைவெனக் காணப்படும் துறையை அம்மாணவர் நேரில் அறிந்திருந்தாரா என்னும் மூன்று வினாக்களுக்கும் ஆய்வேட்டில் விடை இடம்பெறல் வேண்டும். அவ்விடை இல்லாத மதிப்பெண்ணை மாணவரின் கையில் தருவது வழிகாட்டல் ஆகாது.