எடையும் ஒளியும்

வைரம் என்றவுடன் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை காரட்?" என்பதே. காரட் என்பது எடை; ஒரு காரட் 200 மில்லிகிராம். நகைக்கடைகளில் அதனையே நூறு செண்டாகப் பகுத்துச் சொல்வர். ஆனால், வைரத்தை நாம் விரும்புவது அதன் எடைக்காகவா, ஒளிக்காகவா? ஒளி பெருகவேண்டுமாயின் எடையில் ஒரு பகுதியை இழந்தே ஆகவேண்டும். இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்ட வரலாற்றில் நம் தென்னாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அதனை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டுச் சுரங்கங்கள் திறக்கப்படும் வரை, உலகச் சந்தைக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. நம் முன்னோர் கற்களை நன்கு ஆராய்ந்தவர்கள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மாநகரின் மணிக்கடைகள் வருணிக்கப்படுகின்றன. காக்கையின் காலடி போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு ஆகிய குற்றங்கள் அற்றதே நல்ல வைரம் என்னும் கருத்தை அங்கே காண்கிறோம். கல்லின் தூய்மையையும் இயல்பான ஒளியையும் அக்கால மக்கள் போற்றினர் என்பது இதனால் விளங்கும்.

முகலாயர் காலத்திலும் பெரிய கல்லைப் பெரியதாகவே காப்பதுதான் வழக்கம். பிரெஞ்சு வணிகரான தவெர்னியே 1665ஆம் ஆண்டில் ஔரங்கசீப்பின் அரண்மனையில் ஒரு மாபெரும் வைரத்தைக் கண்டார். 787 காரட்டுக்கு மேற்பட்டிருந்த அக்கல்லைத் தீட்டும் பொறுப்பு, ஹொர்தென்சியோ போர்ஜியோ என்னும் வெனிஸ் நகரத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததாம். அவர் தேய்த்துத் தேய்த்து அதனை ஏறத்தாழ 280 காரட்டாகக் குறைத்துவிட்டார். கூலி கிடைக்கவில்லை, பதினாயிரம் ரூபாய் அபராதமே கிடைத்தது என்று தவெர்னியே எழுதுகிறார். எடையை இழந்தும் அழகு பெருகாமற் போனதே அவர் செய்த குற்றம்.

எடை இழப்பினால் மதிப்பு உயரவும் கூடும் என்பதற்குச் சென்னையிலிருந்து சென்ற ஒரு கல் சான்றாகும். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரான தாமஸ் பிட், கோல்கொண்டா நாட்டுச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் வைரம் ஒன்றை ஜம்சந்த் என்னும் வணிகரிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். அக்காலக் கணக்கில் அது ஏறத்தாழ 20,400 பவுன். 1702இல் அக்கல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. லண்டனில் 1704 முதல் 1706 வரை அதனைத் தீட்டினர். இறுதியில் எஞ்சியது 140 காரட்டுக்குச் சற்று மேல். மூன்றில் இரண்டு பங்கு போயிற்று! ஆயினும் 1717ஆம் ஆண்டில், பிரான்சின் அரசப் பிரதிநிதியாயிருந்த ஓர்லெயான் கோமகன் அதனை 1,35,000 பவுனுக்கு வாங்கினார். அவருடைய பதவியின் பெயரால் அது 'ரீஜெண்ட்' வைரம் எனப்பட்டது. இன்று பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலையில் இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் உழவர்கரையிலிருந்து பாரிஸ் செல்வோர், தென்னிந்தியத் துறைமுகத்திலிருந்து சென்ற இந்தக் கல்லை அங்கே காணலாம்.

கோஹினூர் வைரத்தின் கதையும் இத்தகையதே. 1851இல் லண்டன் பெருங்காட்சியில் அதனைக் கண்டவர்கள், ஒளி போதவில்லையென்று ஏமாற்றம் அடைந்தனர். அடுத்த ஆண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர் அதனை மீண்டும் தீட்டினர். 186 காரட்டாயிருந்த கல் 105.6 காரட்டாகக் குறைந்தது.

தீட்டுவதனால் ஒளி எவ்வாறு பெருகுகிறது? தண்ணீரில் சாய்த்து வைத்த கோல் முறிந்தாற்போல் தோன்றுவதை நாம் அறிவோம். ஒளி நீருக்கும் காற்றுக்கும் இடையே வளைவதே அதற்குக் காரணம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, வைரத்துக்கோ 2.42. ஆகவே வைரத்துள் புகுந்த கதிர் எளிதில் வெளியேறாது. அடிப்புறப் பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால், கண்ணாடியில் பட்டதுபோல் உள்ளேயே திரும்பிவிடும். அவ்வாறு இருமுறை திரும்பி, மேற்புறத்தின் வழியாக நம் கண்ணை வந்தடைந்தால் கல் சுடர்விடுகிறது. அடிப்புறம் மிக ஆழமாயிருந்தாலும், மிகத் தட்டையாயிருந்தாலும் ஒளி கீழ்வழியே கசிந்துபோகும். முன்னதில் நடுப்பகுதி இருண்டு தோன்றும். பின்னது உயிரற்ற கண்ணாடித் துண்டு போலாகும்.

பெல்ஜிய நாட்டவரான மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் இதனைக் கணக்கிட்டு ஒரு நூல் வெளியிட்டார். வட்ட வைரத்தின் மேற்புறச் சாய்வு 34.5 டிகிரியும், அடிப்புறச் சாய்வு 40.75 டிகிரியும் இருத்தல் நன்று என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய வட்ட வைரங்களின் 57 அல்லது 58 பட்டைகளும் ஏறத்தாழ இவ்வழியிலேயே அமைகின்றன. 2006 முதல் அமெரிக்க இரத்தினவியல் கழகம் வட்ட வைரங்களின் தீட்டலை ஐந்து தரங்களாகப் பிரித்துச் சான்றிதழில் குறிக்கிறது.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். திருமணம் நிச்சயமானவுடன், பல ஆண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு தோடும் மூக்குத்தியும் வாங்கப் புறப்படும் குடும்பங்கள் உழவர்கரையிலும் உண்டு. அங்கே செண்டுக் கணக்கு மட்டுமே பேசப்பட்டால் நட்டம் அவர்களுடையது. ஆழம் மிகுந்த கல்லில், கொடுத்த பணத்தின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்துக்கே போய்விடுகிறது. அதே எடையுள்ள மற்றொரு கல் அதைவிட அகன்றும் ஒளிர்ந்தும் தோன்றக்கூடும்.

ஆதலால் கல்லை நகையில் பதிப்பதற்கு முன்பே தனியாகப் பார்த்தல் வேண்டும். அடிமூடிக் கட்டிய பின்னர் அடிப்புறத்தைக் காண இயலாது. கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். வாயிற்புறத்துப் பகல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்து, நடுவில் இருள் தங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். சான்றிதழில் எடை, நிறம், தூய்மை ஆகியவற்றோடு தீட்டலின் தரத்தையும் படிக்க வேண்டும். வட்டம், சதுரம் என்பவை வடிவங்களே. அவை தீட்டலின் தரத்தைக் காட்டமாட்டா.

நிறமும் தூய்மையும் கல்லோடு பிறந்தவை. தீட்டலோ மனிதன் கைத்திறன். இன்று உலகின் பெரும்பான்மையான வைரங்களுக்குப் பட்டை தீட்டுவது குஜராத்தின் சூரத் நகரம். அங்கே சாணைச் சக்கரத்தின் முன் அமர்ந்திருக்கும் தொழிலாளி, எவ்வளவு எடையை விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு கல்லிலும் முடிவு காண வேண்டியிருக்கிறது. வாங்குபவர் எடையை மட்டும் கேட்டால், சந்தை அவரிடம் எடையைத்தான் கேட்கும். ஒளியைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் பெருகினால், அவருடைய நற்றொழிலுக்கும் உரிய விலை கிடைக்கும்.