ரேஸ் காரைச் சுமந்த லாரி

ரேஸ்னாலே நமக்கு கார்தான் ஞாபகம் வரும். அதை ஊர் ஊரா சுமந்துகிட்டுப் போன வண்டியை யாரும் கண்டுக்கறதில்லை. எனக்கென்னவோ அது மேலதான் கண்ணு :-)

எடின்பரோவில் டேவிட் மர்ரே நடத்திய டீம் எக்யூரி எக்கோஸ். 1956, 1957 ரெண்டு வருஷமும் ஜாகுவார் டி-டைப் காரில் லெ மான் 24 மணி நேர ரேஸை ஜெயிச்சாங்க. 57-ல் முதல் ரெண்டு இடமும் இவங்களுக்கே! இத்தனைக்கும் அப்போ காரை ஏத்திப் போனது, பழைய பஸ்ஸை மாத்திக் கட்டின வண்டிகளில்.

1960 வாக்கில்தான் சொந்தமா ஒரு லாரி வந்துச்சு. மாடியில் ரெண்டு கார். கீழே மூடின கூண்டுக்குள்ள இன்னொரு கார், கூடவே பட்டறை. மழை கொட்டினாலும் உள்ளே ஸ்பேனர் பிடிக்கலாம். கூண்டு கட்டினது ஃபால்கர்க் ஊர் பஸ் பாடி கம்பெனியான அலெக்சாண்டர், அதுவும் அலுமினியத்தில். இங்கதான் விஷயமே. எஞ்சின் வெறும் 3.3 லிட்டர் காமர் டூ-ஸ்ட்ரோக் டீசல். மூணே சிலிண்டர், ஆனா ஆறு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் ரெண்டு எதிரெதிரா ஓடும், ஹெட்டே கிடையாது. மூணு காரையும் இழுக்கணும், கூண்டையும் இழுக்கணும். கார் எடையைக் குறைக்க முடியாது, கூண்டு எடையைக் குறைக்கலாம். இரும்பில் கட்டியிருந்தா மேட்டில் மூச்சு வாங்கியிருக்கும்.

ஆனா பாருங்க, இந்த சொகுசு லாரி வந்தப்புறம் டீம் லெ மான்ல ஜெயிக்கவே இல்லை. ஜெயிச்சதெல்லாம் பழைய பஸ் காலத்தோட சரி.

2013 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் சுமார் 18 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. காருக்கில்லைங்க, லாரிக்கு!