ஒரு பெயின்ட் துணுக்கும் ஐந்து உயிர்களும்

இயக்க சக்திப் பாடம் வரும்போது பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை இது. இன்று உங்களுக்கும்.

1983 ஜூன் மாதம். செலஞ்சர் விண்வெளி ஓடத்தில் ஐந்து பேர் பயணம். விண்ணுக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட் அவர்களில் ஒருவர். அந்தப் பயணத்தில் முன் யன்னல் கண்ணாடியில் சுமார் 4 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு குழி விழுந்தது. ஓடம் தரையிறங்கிய பின் ஆராய்ந்தார்கள். குழிக்குள் தைட்டானியம் இருந்தது, அது வெள்ளைப் பெயின்டில் சேர்க்கும் பொருள். மோதியது ஏதோ ஒரு விண்கலத்திலிருந்து உரிந்த, சுமார் 0.2 மில்லிமீற்றர் அளவான பெயின்ட் துணுக்கு! கண்ணாடியை மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவு சிறியதற்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? வேகத்திலிருந்துதான். மோதல் அமுக்கத்தை அண்ணளவாகக் கணிக்க, அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் போதும். வேகம் இரட்டித்தால் அமுக்கம் நான்கு மடங்கு. பூமிக்கு அண்மித்த சுற்றுப்பாதைகளில் மோதல் வேகம் செக்கனுக்குச் சுமார் 10 கிலோமீற்றர். அலுமினியத்தின் அடர்த்தி 2700. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 13 இலட்சம் மடங்கு வரும். மோதிய கணத்தில் எழும் அதிர்ச்சி அலையில் இது இன்னும் கூடும். நல்ல அலுமினியக் கலப்புலோகம் தாங்குவதோ சில ஆயிரம் மடங்குதான். அதனால் அந்த இடத்தில் உலோகம் திரவம்போல வழிந்தோடுகிறது.

அப்படியென்றால் தகட்டைத் தடிப்பாக்கினால் சரியா? பாரம் கூடும், ஏவ முடியாது.

இதற்கு வழி சொன்னவர் அமெரிக்க வானியலாளர் பிரெட் விப்பிள். ஆண்டு 1947. முதல் செய்மதி ஸ்புட்னிக் பறந்தது 1957இல். அதாவது விண்கலம் ஒன்றுகூட இல்லாத காலத்தில், விண்கற்களை மனதில் வைத்து அவர் யோசித்தார்: கலத்தின் சுவருக்கு வெளியே, இடைவெளி விட்டு, ஒரு மெல்லிய தகட்டை வையுங்கள். வருகின்ற துணுக்கு அதில் மோதி, தன் வேகத்தாலேயே நொறுங்கித் தூசுமேகமாக விரியும். ஒரே புள்ளியில் விழ இருந்த அடி, உள்சுவரில் பரந்து விழும்.

1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜியோட்டோ கலம் இந்தக் கவசத்தோடுதான் ஹேலி வால்வெள்ளியை நெருங்கியது. தூசு வந்து மோதிய வேகம் செக்கனுக்கு 68 கிலோமீற்றர். அடி பட்டது, கமரா பழுதானது, ஆனால் கலம் தப்பியது. இன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களைக் காப்பதும் இதே யோசனைதான்.

"இந்தக் கணக்கெல்லாம் எதற்கு சேர்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். யாரும் விண்ணுக்குப் போகுமுன்னே ஒருவர் கணக்குப் போட்டு வைத்தார். அதன் நிழலில்தான் இன்று மனிதர்கள் அங்கே உறங்குகிறார்கள்.