வண்டியின் விலையும் தவணையின் வரலாறும்



தோட்டத்து வருமானத்தோடு கைத்தொழில் ஒன்றும் இருந்தால் நல்லது என்று எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. காய்கறி ஏற்றலாம், பழைய இரும்பு ஏற்றலாம், கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான் கொண்டு போகலாம் என்று பலரும் முதலில் நினைப்பது ஒரு பிக்கப் வண்டியைத்தான். ஜார்ஜ் டவுனுக்கோ பட்டர்வொர்த்துக்கோ போய் விலை கேட்டால், விற்பவர் பெரும்பாலும் விலையைச் சொல்வதில்லை. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் கேட்கிறார். கூடவே, "இவ்வளவு தள்ளுபடி" என்றும் சொல்கிறார். இந்தக் கேள்வியும் இந்தத் தள்ளுபடியும் எங்கிருந்து வந்தன என்பதை இன்று பார்ப்போம்.

விலையை மறைத்து மாதக் கணக்கை மட்டும் காட்டும் வழக்கம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர், கப்பல் கட்டணத்தையும் முன்பணத்தையும் தங்கள் உழைப்பால் கழித்தார்கள். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அவர்கள் கையில் இல்லை. ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஆனால் கணக்குப் புத்தகம் மற்றவர் கையிலும் கடன் நம் தலையிலும் இருக்கும் நிலை, கடைப் பற்று, கங்காணிப் பற்று என்று வேறு வேறு பெயர்களில் நீடித்தது.

தவணை வியாபாரத்தின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தின் பங்காளியான எட்வர்டு கிளார்க், 1856இல் ஒரு வழி கண்டார். முழுப் பணமும் கொடுக்க முடியாத குடும்பம், சிறிது முன்பணம் கட்டி இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாம். மீதியை மாதாமாதம் கட்டலாம். விற்பனை பெருகியது. அந்த இயந்திரம் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. தவணை முறையும் அதோடு வந்தது.

இந்த முறையில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. தவணை கட்டி முடியும் வரை பொருள் யாருக்குச் சொந்தம்? இதற்கு விடை தந்தது ஒரு பியானோ. இங்கிலாந்தில் ஒருவர் 36 மாதத் தவணையில் ஒரு பியானோவை எடுத்தார். சில மாதங்கள் கட்டிய பின் அதை அடகுக் கடையில் வைத்துவிட்டார். பியானோக் கடைக்காரர் வழக்குத் தொடுத்தார். 1895இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: தவணை முடியும் வரை அவர் பியானோவை வாடகைக்கு எடுத்தவரே தவிர வாங்கியவர் அல்லர், ஆகவே பியானோ கடைக்காரருடையது. இதனால்தான் இந்த முறைக்கு 'வாடகைக் கொள்முதல்' என்று பெயர். கடைசித் தவணை கட்டும் வரை நாம் வாடகைக்காரர். கட்டிய பிறகே சொந்தக்காரர்.

இந்தத் தீர்ப்பு விற்பவருக்குப் பெரும் பலத்தைத் தந்தது. இங்கிலாந்தில் ஏழைக் குடும்பங்கள் பெரும் பகுதியைக் கட்டிய பிறகும், ஒன்றிரண்டு தவணை தவறியதும் சாமான்களைப் பறிகொடுத்தன. பறித்த சாமானைக் கடைக்காரர் மறுபடியும் விற்றார். எல்லன் வில்கின்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1938இல் ஒரு சட்டம் பிறந்தது. ரொக்க விலையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கட்டிய பின் நீதிமன்ற உத்தரவின்றிப் பொருளைப் பறிக்கக் கூடாது என்று அது சொன்னது.

நம் நாட்டில் வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இல் இயற்றப்பட்டு, 1968இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தில்தான் வண்டிகளும் பெருகின. டான் சோங் நிறுவனம் 1957இலேயே டாட்சன் வண்டிகளைக் கொண்டு வரத் தொடங்கியிருந்தது. டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் 1968இல் ஜப்பானில் வெளிவந்தது. வண்டி பெருகிய காலத்தில் சட்டமும் வந்தது நல்லதாயிற்று.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ரொக்க விலை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதைத் தனித்தனியாக எழுதி, கையெழுத்துக்கு முன்பே வாங்குபவரிடம் தர வேண்டும். முன்பணம் ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. நிலையான வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பின்னாளைய திருத்தங்களோடு, வண்டியைப் பறிப்பதற்கும் வரம்பு வந்தது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும். 21 நாள் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும். விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

பிக்கப் வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒரு வரி அச்சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. சரக்கு வண்டியானால், பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,540 கிலோவுக்கு மேற்படாதவற்றையே அது குறிப்பிட்டது. இது பழைய இரண்டரை டன் அளவு. அன்றைய சிறு பிக்கப்புகள் இதற்குள் அடங்கின. பின்னாளில் வந்த பெரிய பிக்கப்புகள் பல இந்த அளவைத் தாண்டின. ஆகவே நாம் வாங்கும் வண்டிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டா என்பதை வண்டியின் எடையைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். வண்டியின் ரொக்க விலை 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 2,000, கடன் 18,000. நிலையான வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காடு. தவணை 5 ஆண்டு. வட்டி 7,200 வெள்ளி. ஆக 25,200 வெள்ளியை 60 மாதங்களில் கட்ட வேண்டும்; மாதம் 420 வெள்ளி. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு 18,000க்கும் 5 ஆண்டுக்கும் போடப்படுகிறது. ஆகவே உண்மையான வட்டி 8 அல்ல. அது 14 விழுக்காட்டுக்கும் சற்று மேலே நிற்கிறது.

மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டிவிட்டு, மீதிக் கடனை ஒரே தடவையில் அடைக்க நினைக்கிறோம் என்று கொள்வோம். ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு மீதி இருப்பதால், வட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 2,880 வெள்ளி கழியும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் தவணை உலகில் வழங்கியதும், 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றதும் வேறு கணக்கு. அதற்கு 'எழுபத்தெட்டின் விதி' என்று பெயர். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வருவதால் அப்பெயர். முதல் மாதங்களில் வட்டியின் பெரும் பகுதி கழிந்துவிட்டதாக அது கொள்ளும். அந்த விதிப்படி நமக்குக் கிடைக்கும் வட்டிக் கழிவு ஏறத்தாழ 1,180 வெள்ளிதான்.

இனித் தள்ளுபடிக்கு வருவோம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்காவில் வண்டிகள் விலை போகாமல் தேங்கின. 1975 ஜனவரியில் கிரைஸ்லர் நிறுவனம், வண்டி வாங்குபவருக்கு 200 முதல் 400 டாலர் வரை திருப்பித் தருவதாக விளம்பரம் செய்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இதில் ஒரு பாடம் இருக்கிறது. பட்டியல் விலையைக் குறைத்தால் மறுபடி ஏற்றுவது கடினம். தள்ளுபடியோ வேண்டும்போது கொடுத்து, வேண்டாதபோது நிறுத்தக் கூடியது. சரக்குத் தேங்கும்போது தள்ளுபடி பெருகும். வண்டிக்குக் கிராக்கி இருக்கும்போது மறையும். நம் நாட்டில் ஆண்டு முடிவில் தள்ளுபடி கூடுவதும் இதனால்தான்: ஜனவரி பிறந்ததும் அந்த வண்டி 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடும். பின்னாளில் நாம் அதை விற்கும்போதும் அப்படித்தான் மதிப்பார்கள்.

தள்ளுபடியை யார் தருகிறார் என்றும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் தந்தால் அது வாங்குவோர் எல்லோருக்கும் உரியது. கடைக்காரர் தந்தால் அது அவருடைய லாபத்திலிருந்து வருவது, பேசினால் கூடலாம். சில வேளை அது நம்மிடமிருந்தே வருகிறது. 800 வெள்ளி மதிப்புள்ள வானொலியும் மேற்கூரையும் இலவசம் என்று சொல்லி, வட்டியை 8இலிருந்து 9 ஆக்கினால் என்ன ஆகும்? மேலே சொன்ன கடனில் அந்த ஒரு விழுக்காடு 5 ஆண்டில் 900 வெள்ளி. இலவசத்துக்கு நாமே விலை கொடுத்து, அதற்கு மேல் 100 வெள்ளியும் தந்திருப்போம்.

இத்தகைய கணக்கைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையைப் பினாங்கிலேயே ஓர் இயக்கம் மேற்கொண்டது. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019இல் மறையும் வரை பல பத்தாண்டுகள் வழிநடத்தினார். வாங்குபவர் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை அச்சங்கம் தமிழிலும் பரப்பியது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கும் வழி செய்தது.

ஆகவே, கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்போம். முதலாவது, பதிவு, காப்புறுதி, சாலை வரி எல்லாம் சேர்த்து ரொக்க விலை எவ்வளவு? இரண்டாவது, தள்ளுபடி யார் தருவது, அது விலையில் கழிகிறதா, சாமானாக வருகிறதா? மூன்றாவது, கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவோம்? நான்காவது, பாதியில் கடனை அடைத்தால் எவ்வளவு கழியும்? விடைகளை எழுத்தில் வாங்குவோம். காலி இடம் விட்ட தாளில் கையெழுத்திட மாட்டோம். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களை உட்கார வைத்துப் பெருக்கிப் பார்க்கச் சொல்வோம்.

நம் தாத்தா காலத்தில் பற்றுக் கணக்கு வேறொருவர் புத்தகத்தில் இருந்தது. இன்று எண்களைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தினால், கடைசித் தவணை கட்டும் நாளில் வண்டி நம்முடையதாகவே இருக்கும்.