வேகம் முதலில் எந்த ஊருக்குப் போனது?

4ஜி என்றால் நாங்கள் வழக்கமாகக் கதைப்பது வேகத்தைப் பற்றித்தான். எத்தனை செக்கனில் படம் இறங்கும், வீடியோ சுத்துமா சுத்தாதா என்பதோடு கதை முடிஞ்சிடும். ஆனால் இதுக்குள்ள ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கு. அந்த வேகம் முதலில் எந்த ஊருக்குப் போனது? எந்த ஊர் காத்திருந்தது? அதை யார் தீர்மானித்தது? வட, தென் அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் பதில் ஓரளவு விளங்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் இந்தக் கதை தொலைக்காட்சியோடு தொடங்குகிறது. பழைய அனலொக் ஒளிபரப்பு 2009 ஜூனில் நிறுத்தப்பட்டது. அது பிடித்து வைத்திருந்த 700 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை அரசு 2008இலேயே ஏலம் விட்டுவிட்டது. கிடைத்தது ஏறத்தாழ 19 பில்லியன் டொலர். இந்த அலை கனதூரம் போகும், சுவரையும் தாண்டும். அதனால் குறைந்த டவர்களோடு பெரிய பரப்புக்குச் சேவை கொடுக்கலாம். ஏலத்தில் பெரிய பங்கை எடுத்த வெரைசன், 2010 டிசம்பரில் 38 நகரப் பகுதிகளில் 4ஜியைத் தொடங்கியது.

அதே ஏலத்தில் ஒரு துண்டு மட்டும் விலைப்படவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயோர்க்கில் பொலிசாரும் தீயணைப்பு வீரர்களும் ரேடியோவில் ஒருவரோடொருவர் கதைக்க முடியாமல் தவித்தார்கள். அப்படியானவர்களும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த துண்டு அது. குறைந்தபட்ச விலையைக்கூட ஒருவரும் கொடுக்கவில்லை. கடைசியில் 2012இல் சட்டம் போட்டு, பெர்ஸ்ட்நெற் என்ற அமைப்பை அரசே உருவாக்க வேண்டி வந்தது.

பிரேசில் வேறு வழியில் போனது. 2012 ஜூன் ஏலத்தில் விலையோடு சேர்த்துத் திகதியையும் எழுதினார்கள். 2013 ஏப்ரல் முடிவதற்குள் கொன்ஃபெடரேசன்ஸ் கிண்ணம் நடக்கும் ஆறு நகரங்களில் 4ஜி வர வேண்டும். அந்த வருட முடிவுக்குள் உலகக் கிண்ணம் நடக்கும் 12 நகரங்களிலும் வர வேண்டும். சின்ன நகரங்கள் 2016, 2017 வரைக்கும் பொறுக்கட்டும். உதைபந்தாட்டம் பார்க்க வருபவருக்கே முதலிடம் என்று அரசே எழுதிக் கொடுத்த மாதிரி. 2013 ஜூனில் பஸ் கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு இறங்கிய மக்கள், 'பீபா தரத்தில்' வைத்தியசாலையும் பாடசாலையும் கேட்டது சும்மா இல்லை.

ஆனால் அந்த ஏலத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. கிராமங்களுக்கான 450 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையைத் தனியாக வாங்க ஒரு கொம்பனியும் வரவில்லை. அரசு அந்தக் கிராமக் கடமையைக் கொண்டுபோய், எல்லாரும் ஆசைப்பட்ட 4ஜி அலைவரிசையோடு கட்டிவிட்டது. நகரம் வேணுமெண்டால் கிராமத்தையும் தூக்கு.

அப்படியென்றால் அரசாங்கம் செய்தால் நல்லது, கொம்பனி செய்தால் கெட்டது என்று முடிக்கலாமா? முடிக்கேலாது. உருகுவேயில் அரச நிறுவனமான அன்ரெல் 2011 டிசம்பரிலேயே 4ஜியைத் தொடங்கியது. தொடங்கிய இடம் வசதியானவர்கள் கோடைக்கு வந்து தங்கும் புன்ரா டெல் எஸ்தே கடற்கரைப் பக்கம்.

மெக்சிகோவின் ஒஹாக்கா மலைகளில் தலேயா என்ற சபோதெக் பழங்குடி ஊர் இருக்கு. லாபம் வராது என்று கொம்பனிகள் அங்கே டவர் போடவில்லை. 2013இல் ஊர்ச்சனமே சிறிய கருவியை வைத்துத் தங்கள் சொந்த வலையமைப்பைத் தொடங்கியது. பழைய 2ஜி, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும்தான். மற்றவர்கள் 4ஜியில் படம் பார்த்த காலத்தில் அவர்களுக்கு ஒரு குரல் அழைப்பே பெரிய வெற்றி. இப்படியான சமூக வலையமைப்புகளுக்கு 2016இல் சட்டபூர்வ அனுமதி கிடைத்தது. 2018இல் மெக்சிகோ 700 மெகாஹேர்ட்ஸில் ஒரு பொதுப் பகிர்வு வலையமைப்பையும் தொடங்கியது. சனத்தொகையில் 92.2 வீதத்தை எட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அதை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கியதால், 2022இல் பெரும்பான்மைப் பங்கை அரசு எடுத்தது. ஆக, நிபந்தனை எழுதினால் மட்டும் போதாது, அதைக் கொண்டு நடத்தப் பணமும் வேணும்.

அலைவரிசை ஒருவர் உண்டாக்கிய பொருள் இல்லை, அது பொதுச்சொத்து. அதைக் கொடுக்கும்போது என்ன கேட்கிறோம் என்பதில்தான் எந்த ஊர் காத்திருக்கும் என்பது தங்கியிருக்கு. 2021 நவம்பரில் பிரேசில் 5ஜி ஏலம் விட்டபோது நிபந்தனைகளில் விளையாட்டரங்கு இல்லை. அரச பாடசாலைகளுக்கு இணையமும் நெடுஞ்சாலைகளுக்கு 4ஜியும் இருந்தன.